கடற்கரைக்கே ஒரே தட்டு

கொதிக்கும் மீன்சாற்றுச் சட்டியை நூபியா தூக்கியபோது, அடியில் ஒட்டிக்கொண்டு அதுவும் கூடவே எழுந்தது. எலியெசர் பர்ராசாவின் முப்பது வருடப் பெருமையான இசைத்தட்டு, பொரித்த அப்பளமாக நெளிந்திருந்தது.

"பேரே இல்லாம கருப்பா கிடந்துச்சு. சட்டிக்கு அடியில வைக்கிறதுன்னு நெனச்சேன்" என்றாள் மனைவி.

பெயரைச் சுரண்டியது அவரேதான். பர்ரன்கியா நகரில் பிக்கோ வைத்திருக்கும் எவரும் செய்வதுதான். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் அந்த வண்ண ஒலிபெருக்கியில் அபூர்வமான பாட்டு ஒலித்தால், அதன் பெயர் அடுத்த தெரு பிக்கோக்காரனுக்குத் தெரியக்கூடாது. ஆகவே நாணயத்தால் சுரண்டிவிட்டு, 'நண்டு' என்று தாமே பெயர் சூட்டினார். ஆப்பிரிக்காவிலிருந்து மாலுமி ஒருவன் கொண்டுவந்த தட்டு, இந்தக் கடற்கரைக்கே இது ஒன்றுதான் என்று மைக்கில் வாராவாரம் சத்தியம் செய்தார். சனிக்கிழமை நடன ஆட்டத்துக்கு அப்படியே சுவரொட்டியும் ஒட்டியாயிற்று.

கதவைச் சாத்திக்கொண்டு, பாட்டின் நிஜப் பெயரை இணையத்தில் தேடினார். 'கலப்படமில்லாத மூலப் பதிவு' என்று விற்பனைக்கே இருந்தது. வாங்கினார். இரண்டாவது நிமிடத்தில் பாடகனை அமுக்கிக்கொண்டு ஒரு குரல் எழுந்தது: "கடல் வேங்கைகிட்ட மட்டும்தான் இந்தப் பாட்டு!"

'கடல் வேங்கை' என்ற பிக்கோ வைத்திருக்கும் ஜென்ம விரோதி நெஃப்தாலியின் குரல். எவனும் திருடிப் போடாதபடி பாட்டின் மேல் தன் குரலைப் பதித்து வைப்பது பிக்கோக்காரர்கள் வழக்கம்.

"அப்ப அவருகிட்டயும் இருக்கா?" என்றாள் நூபியா.

"என்னோடதத் திருடிப் பதிஞ்சிருக்கான்."

புகார் எழுதினார். கடை பணிவோடு மன்னிப்புக் கேட்டு, குரலை நீக்கி அனுப்பியது. குரலோடு அரை நிமிடப் பாட்டும் போயிருந்தது. ஊரே எகிறிக் குதிக்கும் அந்த அரை நிமிடம். மறுபடி எழுதினார். மூலத் தட்டில் குரல் இல்லை என்பதற்கு ஆதாரமாக, தட்டின் பெயர்ச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். சுரண்டி, நெளிந்து, செதில் ஒட்டியிருந்ததைப் படம் எடுத்து அனுப்பினார். சமையல் சாமான்களுக்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது.

"சொன்னது ஒண்ணு, கொடுத்தது ஒண்ணு. அதுக்குத்தான சட்டம் இருக்கு? போய்க் கேளுங்க" என்றாள் நூபியா.

போகலாம். ஆனால் எலியெசர் பர்ராசா பாட்டை இணையத்தில் வாங்கினார் என்று வெளியே தெரிந்தால், பிக்கோவைக் கோழிக்கூண்டாக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை காலை, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நுகர்வோர் அலுவலகத்துக்குப் போனார். வாசலில் காப்பி விற்கும் பெண்மணியின் காதருகே குனிந்தார்.

"அக்கா, வெளிய சொல்லிடாதீங்க. ஒரு பாட்டு வாங்கினேன், சொன்னபடி இல்ல. எங்கிட்ட இருந்த தட்டு, இந்தக் கடற்கரைக்கே ஒண்ணுதான். புகார் எங்க குடுக்கணும்?"

அவள் நிமிராமல் காப்பி ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"ஒரே தட்டு வச்சிருக்கவங்க வரிசை அந்தப் பக்கம், அண்ணே. முந்தாம நில்லுங்க."