இரண்டாவது பேட்டரிக்கு வைத்த பொட்டு

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.

அன்புத் தங்கை ரஞ்சிதத்துக்கு அண்ணன் பக்தவச்சலம் எழுதுவது. நானும் உன் அண்ணி யசோதாவும் நலம்; எங்கள் வண்டியும் இப்போதுதான் நலம். உன் முழங்கால் வலியும் பேரப்பிள்ளைகளின் கூச்சலும் கட்டுக்குள் இருக்கும் என நம்புகிறேன்.

போன முறை தங்கவயலுக்கு வந்தபோது, "வீட்ல படுக்க எடமில்லன்னுதானேண்ணா சாயங்காலமே கெளம்புற?" என்று கண் கலங்கினாய் அல்லவா? அதற்காகத்தான் பழைய பள்ளி வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, கூரையில் சோலார் பலகை மாட்டினேன். உன் வாசலிலேயே நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ஆனால் முதல் ஒத்திகையிலேயே ஃபேன் பாதி ராத்திரியில் நின்றது. காற்றில்லாமல் உன் அண்ணிக்குத் தூக்கம் வராது. "இன்னொரு வாட்டி நின்னுச்சுன்னா வண்டிய வித்துடணும், ஆமா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

எனவே இரண்டாவது பேட்டரி. வகுப்பில் சொல்வதுபோலச் சொல்கிறேன்: சோலார் பலகைதான் குழாய், பேட்டரி குடம். இன்னொரு குடம் வைத்தால் குழாயில் தண்ணீர் கூடாது. ஆனால் பகலில் வழிந்து வீணாவதைப் பிடித்து இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைக்காரர் மைக்கேல்ராஜ் பழையதற்கு இணையாக, அதே வகையில் அதே அளவில் பார்த்துக் கொடுத்தார். ஆட்டோவில் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு வரும்போது அப்பா நினைவு வந்துவிட்டது. சுரங்கத்தில் இறங்கும்போது இடுப்பில் விளக்கு பேட்டரியைக் கட்டிக்கொள்வாரே! ஷிஃப்ட் முடிந்ததும் விளக்கு அறையில் அதைச் சார்ஜுக்குக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். அமிலம் பட்டு அவர் சட்டையில் இடுப்புப் பக்கம் மட்டும் சல்லடையாகும். நீ அந்த ஓட்டைகளில் விரல் விட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டுவாய். அத்தனை பெரிய மனிதர் நெளிவார். என்னையறியாமல் சிரித்துவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னா சார், தனியா சிரிக்கிறீங்க? பேட்டரி ஷாக் கீக் அடிக்குதா?" என்றார்.

வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் பூசை போடாமல் உன் அண்ணி தொட விடமாட்டாள். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தாள். பேட்டரி பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று கற்பூரத்தை மட்டும் நான் தெருவிலேயே தடுத்து நிறுத்தினேன். பூசைப் பொட்டை அழிக்க மனம் வருமா? அதன் மேலேயே கம்பிகளை மாட்டி முறுக்கினேன். அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு ஹெலனையும் கூப்பிட்டு வண்டிக்குள்ளேயே சாப்பிட்டோம். மதியத்திலிருந்தே பெருமைக்கு ஓடவிட்டிருந்த ஃபேன், இட்லி தீருவதற்குள் ஓய்ந்தது. நான் மரத்தின் நிழலைக் குறை சொன்னேன். போனில் மைக்கேல்ராஜைக் கடிந்துகொண்டேன். உன் அண்ணி எழுந்து போய் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, சந்தனம் ஓடு மாதிரி காஞ்சிக்கீது! அது மேலயே மாட்டிட்டீங்களா?"

"நீ வச்ச பொட்டாச்சே."

"சாமிக்கே மறுநாள் தொடைச்சிட்டுப் புதுசு வைக்கிறாங்க. நீங்க பிசிக்ஸ் வாத்தியாரு வேற!"

ஹெலனுக்குப் புரையேறிவிட்டது. "வண்டிய விக்காதீங்க யசோதாக்கா, சாரைப் புடிச்சி டியூஷனுக்கு அனுப்புங்க" என்றாள்.

வருகைப் பதிவில் பெயர் இருந்தும் பாடம் கேட்காத பையனைப்போல, சந்தனம் கரண்டை மறித்ததால் புது பேட்டரி சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது. கம்பிகளைக் கழற்றி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டினேன். மறுநாள் முழுக்க வெயிலில் நிறுத்திவிட்டு அன்றிரவு வண்டியிலேயே படுத்தோம். விடிந்து பார்த்தால் உன் அண்ணி குளிரில் போர்வைக்குள் சுருண்டிருக்கிறாள். தீர்ப்பு ரத்து.

ஆகவே வரும் சனிக்கிழமை வண்டியோடு வருகிறோம். வாசலில் இடம் ஒழித்து வை. பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. மாப்பிள்ளைக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
பக்தவச்சலம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தெருவில் கரண்ட் போய்விட்டது. ஹெலனும் எதிர்வீட்டுக்காரர்களும் ஃபேனுக்காக வண்டியில் ஏறிவிட்டார்கள். கரண்ட் வந்த பிறகும் உன் அண்ணி இறங்கவில்லை. "இனிமே இதுதான் எங்க எடம். வண்டிய எடுத்தீங்கன்னா அடுத்த நிமிசம் வேற எவனாவது கார நிறுத்திடுவான்" என்கிறாள். அதனால் நான் மட்டும் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துத் தங்கவயலுக்கு வருகிறேன். சமையலறையில் ஒரு பாய் போட்டு வை. கால் நீட்ட இடமில்லாவிட்டால் மடக்கிக்கொள்கிறேன்.