கீழ்பென்னாத்தூர் பாலைவனம்

சென்னையில் நடக்கும் போட்டோப் போட்டிக்குப் பாலைவனத்தைப் படம் எடுத்து அனுப்பியே தீருவது என்று நசீர் அகமது சபதம் போட்டார். மனசுக்குள் போட்டிருந்தால் வம்பில்லை. திருவண்ணாமலை தேரடி வீதியில் இருந்த தன் கடிகாரக் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் போட்டார். ரிப்பேருக்குக் கொடுத்த கடிகாரம் எப்போது கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "ராஜஸ்தான் போறேன், வந்துதான்" என்று பதில் கிடைத்தது.

போட்டோ அவருக்குத் தொழில் இல்லை, பைத்தியம். வீட்டின் குளியலறைதான் இருட்டறை. அவர் உள்ளே சிவப்பு பல்பு போட்டுப் படம் கழுவினால் வெளியே யாரும் முகம் கழுவ முடியாது. துணிக்கொடியில் துணி காய்வதில்லை, படம்தான் காயும். மனைவி குர்ஷித் பேகம் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். வாணியம்பாடியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், கல்யாணமான நாளாய் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அஜ்மீர் தர்காவுக்கு ஒரு தரம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "அங்க வெயில் ஜாஸ்தி, தண்ணி கம்மி" என்று தட்டிக் கழித்துவந்த மனுஷன், இப்போது அதே வெயிலுக்குத் தனியாகப் பெட்டி கட்டினார்.

"என்னையும் இட்டுகினு போலாமில்ல?"

"இது கலை விஷயம், குர்ஷித். பொம்பளைங்க வந்தா சரிப்படாது."

"அப்போ போற வழியில அஜ்மீர்ல எறங்கி, எங்கம்மா முட்டி வலிக்கு துவா கேளுங்க. ஓதின கற்கண்டு கொஞ்சம் வாங்கிகினு வாங்க. அதுவாவது முடியுமா?"

"அதுக்கென்ன, வாங்கிட்டா போச்சு."

பஸ் ஸ்டாண்டில் மாலை போட்டு அனுப்பினார்கள். காட்பாடியில் வடக்கே போகும் ரயில் மனிதர்களைத் திணித்துக்கொண்டு வந்து நின்றது. காமிரா நசுங்கிவிடக் கூடாதே என்று நசீர் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். அப்புறம் கம்பியைப் பிடிக்கக் கை ஏது? ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலும் அவரை அப்படியே நிற்கவைத்துவிட்டுப் போனது.

மாலை போட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? வெட்கம் பிடுங்கித் தின்றது. திருவண்ணாமலைக்குத் திரும்பாமல் கீழ்பென்னாத்தூருக்குப் போய், சிநேகிதன் காசியின் வீட்டில் ஒளிந்துகொண்டார். காசி நிலத்தில் மல்லாட்டைக் கடலை போடுகிற சம்சாரி. எதற்கும் அசராதவன்.

"இதுக்கா பாய் அழுவுறீங்க? பாலைவனம்னா இன்னா? மணலு, வெயிலு, ஒட்டகம். மொத ரெண்டும் நம்மூர்ல கொட்டிக் கெடக்குது. மூணாவதுக்கு நம்ம செவலைக்காளை இருக்குது."

எண்பத்து மூன்றாம் வருஷத்து வறட்சியில் ஏரி காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு மணல்மேடு. அங்கே நசீரின் கலை கொடிகட்டிப் பறந்தது. காசியின் பெண்டாட்டி சரசுவின் சீப்பை வாங்கி, காற்று கீறியது போல் மணலில் வரி வரியாகக் கீறினார்கள். காலடித் தடத்தைத் தென்னை ஓலையால் கூட்டினார்கள். கூட்டியவன் காலடியைக் கூட்ட இன்னொருவன் போனான். வைக்கோல் திணித்த கோணியைக் காளையின் முதுகில் கட்டி, கொம்பைத் துணியால் சுற்றினார்கள். சரசுவின் புடவை காசியின் தலையில் தலைப்பாகையானது. லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடித்தாள். பொழுது சாயும் நேரத்தில், எல்லாம் கறுப்பு நிழலாகத் தெரியும்படி நசீர் குறி பார்த்தார்.

"பாய், ஒட்டகம் சாணி போடுது."

"போடட்டும்டா. நீ ஆடாம நில்லு."

ராஜஸ்தான் போய்வரத் தேவையான நாள்களைக் காசி வீட்டுச் சோற்றில் கழித்துவிட்டு நசீர் ஊர் திரும்பினார். கீழ்பென்னாத்தூர் மளிகைக்கடையில் வாங்கிய கற்கண்டையும் மறக்கவில்லை. குர்ஷித் அதை பயபக்தியோடு பங்குபோட்டு, அம்மாவுக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினாள். பக்கத்து வீட்டு ராஜம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். அதைப் பார்த்த நசீருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனால் படம் பிரமாதமாக வந்திருந்தது. பெரிதாகப் போட்டு ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் மாட்டினார். போட்டிக்கான படத்தை உறையில் போட்டு ஒட்டினார். ஊர்ஜனம் வாய் பிளந்தது. பூகோள வாத்தியார் சகாதேவன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "பின்னால தெரியுது பாருங்க, அதுதான் ஆரவல்லி!" என்றார். படத்தில் மலை இருப்பதே நசீருக்கு அப்போதுதான் தெரியும். இருந்தாலும் ஆமாம் என்று தலையாட்டினார்.

அந்த வாரமே மாமியார் பீபி ஜான் வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, விடுவிடுவென்று வீட்டுக்குள் நடந்து வந்தாள்.

"மாப்ளே, கற்கண்டு வாயில பட்டுச்சு, முட்டி வலி போன எடம் தெரியல! நேர்ல போயி அங்க நன்றி சொல்லணும். எங்கள நீங்கதான் இட்டுகினு போவணும்."

"நானா?"

"வழி தெரிஞ்ச ஆம்பள வேற யாரு?" என்றாள் குர்ஷித்.

நசீர் கடை வேலை என்றார், நெஞ்சுக்குத்து என்றார், வெயில் ஜாஸ்தி என்றார். குர்ஷித் அவரைக் கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் படத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இது எந்த மலைங்க?"

"ஆரவல்லி. வாத்தியாரே சொல்லிட்டாரு."

அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"அப்போ இது?"

அதே சரிவு. அதே உச்சி. பிறந்தது முதல் பல் விளக்கும்போதெல்லாம் பார்த்த மலை. பார்த்துப் பார்த்தே அவர் கண்ணிலும் ஊர்க்காரர்கள் கண்ணிலும் படாமல் போய்விட்டது.

"நான் வெளியூர்லேருந்து வந்தவ. எனக்கு இன்னும் தெரியுது" என்றாள் குர்ஷித்.

நசீருக்கு உடம்பெல்லாம் கூசியது. தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அத்தனையும் ஒப்புக்கொண்டார்.

"தப்புதான், குர்ஷித். யார்கிட்டயாவது சொன்னியா?"

"நான் ஏன் சொல்றேன்? வெள்ளிக்கெழம கெளம்பறோம்."

"உங்கம்மாகிட்டயாவது அந்தக் கற்கண்டப் பத்தி..."

"மளிகைக்கடைச் சரக்குனு தெரிஞ்சா வலி திரும்பிடும். வாயத் தொறக்காதீங்க."

ஒட்டிய உறையை நசீர் கிழித்துப் போட்டார். ஆனால் யோசிக்க யோசிக்க அவமானத்துக்குள்ளேயே ஒரு குஷி எட்டிப் பார்த்தது. போட்டிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நிஜ மணல், நிஜ ஒட்டகம், நிஜப் படம்! செய்த பாவமெல்லாம் அதோடு கழுவிப் போய்விடும். புது பிலிம் ரோல் வாங்கினார். லென்ஸைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை மாமியாரும் மூட்டைகளும் வாசலில் தயார். காமிராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார் நசீர். குர்ஷித் அதை மெதுவாகக் கழற்றினாள். உள்ளே போய் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து சொன்னாள்.

"இது எதுக்குங்க பாரம்? பாலைவனத்ததான் போன தரமே எடுத்துட்டீங்களே!"