ஒரே சட்டைக்கு எட்டாவது மனு

அறக்கட்டளைச் செயலாளர் ஐயா அவர்களின் மேலான கவனத்துக்கு,

கடைவீதி போட்டோ ஸ்டூடியோக்காரன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் அலுவலகத்தில் எப்போதும் பூட்டியே இருக்கும் அந்த இரும்பு பீரோவும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் கடிதம் வந்து சேரும்வரை நாங்களும் சுகமாகத்தான் இருந்தோம்.

என் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு நான் அனுப்பிய மனுவில் தாங்கள் இரண்டு குறை கண்டிருக்கிறீர்கள். படத்தில் நான் போட்டிருக்கும் சட்டை இதற்கு முன்பே ஏழு குடும்பங்களுக்கு உதவி வாங்கிக் கொடுத்திருக்கிறது, அதே சட்டைக்கு எட்டாவது முறை உதவ விதியில் இடமில்லை என்பது முதல் குறை. படத்தில் என் மனைவியும் மகளும் சிரிக்கிறார்கள் என்பது அடுத்தது. இரண்டுக்கும் பத்து நாளில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை, சட்டையைக்கூடத் தாங்கள் பார்த்துவிட்டீர்கள்.

அது பிறவியிலேயே ஏழைச் சட்டை அல்ல ஐயா. ஒரு காலத்தில் நான் கல்யாண வீடுகளுக்குப் போட்டுக்கொண்டு போய்ப் படமெடுத்த நீலக் கோடு போட்ட சட்டை. பிறகு விளக்கு துடைத்து, மேசை துடைத்து, பல்பு சூட்டில் ஒரு பக்கம் பொசுங்கி, பை கிழிந்து ஆணியில் தொங்கியது. தங்கள் படிவத்தில் ‘குடும்ப நிலைமை விளங்கும்படியான புகைப்படம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு முதலில் வந்தவர் எதிர்வரிசை இஸ்திரிக்காரர். போட்டோ எடுக்கப்போகிறோம் என்றால் மனுஷன் எப்படி வருவான்? அதிலும் இஸ்திரிக்காரர். மடிப்புக் கலையாமல், மூச்சுக்கூட அளந்து விட்டபடி வந்து உட்கார்ந்தார். படத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் அலுவலகம் ‘வசதி தெரிகிறது’ என்று மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டது. “ஒரு நாள் நல்லா உடுத்தினது குத்தமாண்ணே? தினம் அடுத்தவன் சட்டையைத் தேய்க்கிறேன், என் சட்டையை நான் தேய்ச்சுக்கக் கூடாதா?” என்று என் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆணியில் தொங்கியதை எடுத்து உதறிக் கொடுத்தேன். பின்னால் இருந்த, அருவி வரைந்த திரையைச் சுருட்டிவிட்டு, ஈரம் ஊறின சுவர் தெரிய ஒன்று எடுத்தேன். மூன்றே வாரத்தில் அவருக்குப் பணம் வந்துவிட்டது.

அப்புறம் கேட்க வேண்டுமா. ஆட்டோக்காரர் வந்தார், காவல்காரர் வந்தார், பேக்கரிக்காரர் வந்தார். பேக்கரிக்காரருக்குச் சட்டை பத்தவில்லை, பொத்தான் எட்டவே மாட்டேன் என்றது, அப்படியே திறந்துவிட்டு எடுத்தோம்; அதைப் பார்த்துத்தான் தாங்கள் ‘மனம் கனத்தது’ என்று எழுதி அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுத்தீர்கள். சட்டைக்கு நான் யாரிடமும் வாடகை வாங்கியதில்லை. துவைத்துத் தரவேண்டும், அவ்வளவுதான். இஸ்திரிக்காரர் நன்றி மிகுதியில் கஞ்சி போட்டுத் தேய்த்தே கொடுத்துவிட்டார், அதைத் திரும்ப ஏழையாக்க நான் இரண்டு நாள் அதன்மேல் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஆனால் அந்த ஏழு பேரும் நிஜமாகவே இல்லாதவர்கள் ஐயா. இல்லை என்பதைப் படத்தில் காட்டத்தான் ஒரு சட்டை தேவைப்பட்டது.

சட்டையைப் பற்றி விசாரிக்கத் தாங்கள் ஒருவரை அனுப்பியிருந்தீர்கள். கடமை தவறாத மனிதர். காலையில் வந்தார், சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பொசுங்கலை அளந்து நோட்டில் குறித்துக்கொண்டு, “இது பெரிய மோசடி, தெரியுமில்ல?” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் ஒருவர் வந்தார். “என் பையனுக்கும் ஸ்கூல்ல நோட்டீஸ் கொடுத்துட்டாங்கண்ணே. ரெண்டு நாளைக்கு அந்தச் சட்டை கிடைக்குமா? மனுவை மனைவி பேர்ல போட்டுக்கிறேன்” என்று காதோடு கேட்டார். அந்த ஒருவர் யாரென்று நான் சொல்லமாட்டேன், வாக்குக் கொடுத்திருக்கிறேன். காலையில் வந்தவருக்கும் அவருக்கும் ஒரே மாதிரி மூக்குக்கண்ணாடி இருந்ததைத் தாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி சிரிப்புக்கு வருகிறேன். “சிரிக்காதீங்க, பல்லு தெரிஞ்சா பணம் வராது” என்று ஏழு குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், என் சொந்தக் குடும்பத்தில் என் பேச்சு எடுபடவில்லை. கேமராவை ஸ்டாண்டில் வைத்து டைமர் போட்டுவிட்டு ஓடி வந்து உட்காருவேன், விளக்கு அடிக்கிற நேரம் பார்த்து என் வாய் தானாக விரிந்துவிடும். எதிரில் இருப்பவரைச் சிரிக்க வைப்பதற்காக இருபத்தாறு வருஷம் சிரித்துச் சிரித்து வந்த வியாதி அது. ஒன்பது படம் இப்படியே வீணாய்ப் போயிற்று. பத்தாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு, மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். “என்னப்பா, கடன்காரன் மாதிரி இருக்கீங்க?” என்றாள் மகள். “அவர் கடன்காரர்தானேடி” என்றாள் என் மனைவி. இரண்டு பேருக்கும் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது, அந்த நேரம் விளக்கும் அடித்துவிட்டது. இன்னொன்று எடுப்போம் என்று கெஞ்சினேன். “எனக்கு அழுகை வந்தா உங்களுக்குத் தெரியாம அழுதுக்குவேன். போட்டோவுக்கெல்லாம் வராது” என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்து போய்விட்டாள். அதனால் வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன்.

ஆளாளுக்குக் கையில் கேமராவோடு திரிகிற காலத்தில் ஸ்டூடியோவுக்கு யார் வருகிறார்கள்? பாஸ்போர்ட் அளவுப் படம்தான் எங்கள் அடுப்பை எரிக்கிறது. இரண்டு தவணை பாக்கி. இந்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளியில் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளி விழாக்களில் வருஷாவருஷம் மேடைக்குக் கீழே நின்று, பரிசு வாங்கும் பிள்ளைகளைப் படமெடுக்கிறவன் நான். போன வருஷம் கட்டுரைக்கு முதல் பரிசென்று என் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். கேமராவைப் பிடித்தபடியே கைதட்டப் போய்விட்டேன் ஐயா, அந்த ஒரு படம் மட்டும் கலங்கிப்போயிற்று. நல்லதாக இன்னொன்று எடுக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. முடியாமல் போய்விடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. நான் அதிகம் படிக்காதவன், அந்தப் பள்ளியை விட்டால் அவளுக்கு வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சட்டைதான் குற்றமென்றால் என்னிடமுள்ள நல்ல சட்டையைப் போட்டு வேறு படம் அனுப்பத் தயார். தங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பாமலும், தங்கள் பிள்ளைகள் யாருக்கும் விளக்கம் எழுதாமலும் நீண்டநாள் நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
ஸ்டூடியோக்காரன்

பின்குறிப்பு: என் கையெழுத்து எனக்கே பிடிபடாது என்பதால் மகளிடம் கொடுத்து நகல் எடுத்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்தாவது அந்தப் பள்ளியின் அருமையைத் தாங்கள் அறியலாம்.

இன்னொரு பின்குறிப்பு: ஐயா, இது நகல் எடுத்த மகள்; தபாலில் சேர்ப்பதும் நான்தான். அப்பா எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஆனால் நேற்று அம்மாவும் நானும் பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். பாக்கிக்கு அம்மா தன் தையல் மெஷினை விற்றாள், பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாக அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். கட்டணமில்லாத பொதுப் பள்ளியில் திங்கட்கிழமை முதல் எனக்கு வகுப்பு. போய்ப் பார்த்தேன், அங்கேயும் மேடை இருக்கிறது. அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்றுதான் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஆகவே தாங்கள் பணம் எதுவும் அனுப்ப வேண்டாம். ‘உதவி வழங்கப்பட்டது’ என்று ஒரே ஒரு வரி மட்டும் எழுதி அப்பா பெயருக்கு அனுப்புங்கள். அது வந்த அன்றே, எனக்கு இந்த உதவி வேண்டாம், பொதுப் பள்ளியே போதும் என்று நானே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்று சொல்வதற்கு எங்கள் வீட்டுக்கு முதலில் ஏதாவது ஒன்று வந்திருக்க வேண்டும் அல்லவா.