வேஷ்டிக்கு பில் கேட்ட சம்பந்தி

அல்சூர், பெங்களூர்
வியாழக்கிழமை, செப்டம்பர் 2004

சென்னை மாநகரில், பாங்க் ஒன்றின் கிரெடிட் கார்டு இலாகாவில், குளிர்சாதன அறையில் வீற்றிருந்து, கடனே வேண்டாம் என்று ஓடுகிறவர்களையும் துரத்திப் பிடித்துக் கடன் கொடுக்கும் சிரஞ்சீவி ஷ்ரேயாஸுக்கு, உன் தாய்மாமனும், கர்நாடக சர்க்காரின் ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்ட்ராரும், அல்சூர் ஏரிக் கொசுக்கள் அனைத்துக்கும் நிரந்தர அன்னதாதாவுமான ஸ்ரீகண்டன் அநேக ஆசீர்வாதம். இங்கு நான், உன் மாமி பாமா, நிருபமா மூவரும் சௌக்கியம் என்று எழுதுவது மரபு. எழுதிவிட்டேன். நம்பாதே.

இது ரகசியக் கடிதம். படித்ததும் கிழித்துவிடு. ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோன் ஹாலில் இருக்கிறது, ஹாலில் அவர் இருக்கிறார். அவர் என்றால் அனந்தபத்மநாபன். நிருபமாவுக்குப் பார்த்திருக்கும் பையன் ரகுநந்தனின் தகப்பனார், டெல்லிவாசி, மத்திய சர்க்காரில் ஏதோ பெரிய நாற்காலியில் உட்கார்ந்து அதை உடைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். உடைத்திருப்பார் என்பது என் யூகம். ஆளைப் பார்த்தால் உனக்கும் அதே யூகம்தான் வரும். பையன் இங்கேயே கோரமங்கலாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், நான்கு பேரோடு ஒரு அறையில் குடியிருக்கிறான், ஆகையால் தகப்பனாருக்கு ஜாகை நம் வீட்டில், நிருபமாவுக்கு அவனைப் பிடித்திருக்கிறது, அது அவள் ஃபோனில் பேசும் நேரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பெரியவர் வந்து வீட்டைப் பார்த்து, என்னைப் பார்த்து, நிச்சயதார்த்தத்துக்கு ஒரு தேதி குறித்துவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறார். அதற்குள் அந்த வீட்டில் பெண்ணைக் கொடுக்கலாமா கூடாதா என்று நான் தீர்மானித்தாக வேண்டும். அது உன் பதிலில் தொங்குகிறது, ஆகையால் மேலே கவனமாகப் படி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏர்போர்ட்டில் மாலையும் கையுமாக நின்றேன். டெல்லி விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் தள்ளுவண்டியில் கல்யாண சீர் மாதிரிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாகத் தானே திறக்கும் அந்தக் கண்ணாடிக் கதவு ஒருமுறை திறந்து, போதாது என்று தெரிந்து இன்னும் கொஞ்சம் திறந்து, அனந்தபத்மநாபன் வெளியே வந்தார். கையில் ஒரு நியூஸ்பேப்பர், ஒரு மஞ்சள் காகிதம். அவ்வளவுதான். பெட்டி? அது கௌஹாத்தி போய்விட்டதாம்! இவர் பெங்களூர் வந்தாராம், பெட்டி மட்டும் காமாக்யா தரிசனத்துக்குப் போய்விட்டதாம்! மஞ்சள் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ‘பிராப்பர்ட்டி இர்ரெகுலாரிட்டி ரிப்போர்ட்’ என்று அச்சடித்திருந்தது. எனக்குத் திக்கென்றது. முப்பத்திரண்டு வருஷம் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். ஒரே சைட்டை ஏழு பேருக்கு விற்றவனைப் பார்த்திருக்கிறேன். செத்துப்போனவர் ஆட்டோவில் வந்து இறங்கிக் கைநாட்டு வைத்துவிட்டு, சில்லறை இல்லை என்று டிரைவரோடு சண்டை போட்டதையும் பார்த்திருக்கிறேன். பிராப்பர்ட்டியில் இர்ரெகுலாரிட்டி என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? சம்பந்தி ஆகப்போகிறவர் அதற்கு ரிப்போர்ட்டே வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வருகிறார். “பெட்டி வரலேன்னா ஏர்லைன்ஸ்காரன் இதத்தான் தருவான் ஸார்” என்றார். நானும் சிரித்தேன். சந்தேகத்தை முகத்தில் காட்டாமல் சிரிப்பது எங்கள் இலாகாவில் முதல் பாடம்.

வீட்டுக்கு வந்தாயிற்று. மனிதருக்கு மாற்றிக்கொள்ள ஒரு முழத் துணி கிடையாது. “இப்படியே இருந்துடறேன், ஒண்ணும் கஷ்டமில்லே” என்கிறார், வியர்வையில் சட்டை தேசப்படம் மாதிரி ஆகியிருக்கிறது. விருந்தாளியை அப்படி விடுகிற வம்சமா நம்முடையது? அவரை உட்கார வைத்து, பாமாவைக் காப்பி போடச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் என் அலமாரியிலிருந்து ஒரு எட்டு முழ வேஷ்டி, ஒரு வெள்ளைச் சட்டை, இரண்டு பனியன், ஒரு துண்டு, இன்னபிற உள்நாட்டு விவகாரங்கள் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். “எல்லாம் என்னோடதுதான், பழசு, கூச்சப்படாம கட்டிக்கோங்கோ” என்றேன். உனக்கு என் உடம்பு தெரியும். நான் குறுக்கே திரும்பி நின்றால் ஆள் அங்கே இல்லை என்று பஸ் நிற்காமல் போகும். ஆனால் பார், என் சட்டை அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்திற்று. கொடுக்கிற மனசு பெரிதாக இருந்தால் சட்டையும் பெரிதாகிவிடும் போலிருக்கிறது. “பழசுன்னு சொல்லவே முடியாது போங்கோ” என்று அவர் வேஷ்டியைத் தடவித் தடவிப் பார்த்தார். “நான் எதையும் பழசாக விடறதில்லே ஸார்” என்றேன்.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் காலை சோமேஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப்போய்விட்டு வந்து, பாமா கொடுத்த காப்பியை நான் வாயில் விட்டுக்கொண்ட அந்த விநாடி பார்த்து, மனிதர் தொண்டையைக் கனைத்தார்.

“ஸார், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்கப்படாது.”

“கேளுங்கோ.”

“இந்த வேஷ்டி, சட்டை, பனியனுக்கெல்லாம் பில் ஏதாவது வச்சிருக்கேளா?”

ஷ்ரேயாஸ், காப்பி என் மூக்கு வழியாக வந்தது. காது வழியாகவும் கொஞ்சம் வந்ததாக ஞாபகம். விருந்துக்கு வந்தவர், நான் இடுப்பில் கட்டிக்கொள்ளக் கொடுத்த வேஷ்டிக்கு பில் கேட்கிறார்! நம் குலத்தில், கோத்திரத்தில், கேள்விப்பட்டதுண்டா? அவர் நிதானமாக விளக்கினார். அவரிடம் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறதாம். பர்ஸிலிருந்து எடுத்து நடராஜர் அபயஹஸ்தம் மாதிரிக் காட்டிவிட்டு உள்ளே போட்டார். தங்க நிறம், ஜிகுஜிகு. அந்தக் கார்டு வைத்திருப்பவருக்கு விமானத்தில் பெட்டி தாமதமானால், அவசரத்துக்கு வாங்கும் துணிமணி, பல் பிரஷ் எல்லாவற்றுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிடுமாம். மஞ்சள் காகிதம், போர்டிங் பாஸ், அசல் பில் மூன்றையும் சேர்த்து அனுப்பினால் போதுமாம். “நமக்கு நஷ்டமே இல்லே ஸார், பேங்க்காரன்தானே தரான். பில்லை மட்டும் குடுங்கோ, என்ன தொகையோ அதை நான் இப்பவே உங்களுக்குக் குடுத்துடறேன், அப்பறம் க்ளெய்ம் பண்ணிக்கறேன்” என்கிறார், குழந்தைக்கு மிட்டாய் காட்டுகிற குரலில்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. நீயே யோசித்துப் பார். இவர் தன் பெட்டியைத் தானே கௌஹாத்திக்கு ஏற்றிவிட்டு, ஊர் ஊராகப் போய் சம்பந்திகளின் வேஷ்டிகளுக்கு பில் வாங்கிப் பணம் பண்ணுகிறவராக இருந்தால்? அந்த ரகுநந்தனுக்கு முன்னால் இன்னும் எத்தனை பையன்களுக்குப் பெண் பார்க்கிற சாக்கில் எத்தனை வேஷ்டிகள் போயினவோ? இன்று வேஷ்டிக்கு பில் கேட்டவர் நாளை உப்புமாவுக்குக் கேட்பார், நாளன்றைக்குக் கல்யாணம் முடிந்ததும் பெண்ணுக்கு அசல் பில் எங்கே, கியாரண்டி கார்டு எங்கே என்பார். உலகத்தில் எந்த இன்ஷூரன்ஸ்காரன் கேட்டவுடன் பணம் கொடுத்திருக்கிறான்? செத்துப்போனால்கூட நேரில் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறவர்கள், பெட்டி லேட்டானதற்குப் பனியன் வாங்கிக் கொடுப்பார்களா?

பாமாவிடம் சொன்னால் அவள் என்மேல் பாய்கிறாள். “பில்தானே கேட்டார், கிட்னியா கேட்டார்? தேடிப் பாருங்கோ, உங்க மேல்சட்டைப் பையிலயே கிடைக்கும்” என்று ஒரு மாதிரியாக முறைக்கிறாள். இந்த வாக்கியத்தின் உட்பொருளை விளக்க இங்கே இடமில்லை. நிருபமாவோ, நான் அவருடைய பில் விவகாரத்தை ஆரம்பித்தாலே துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுகிறாள். அழுகிறாள் என்று நினைக்கிறேன். குழந்தை மனசு என்ன பாடுபடுகிறதோ.

இன்று காலை பெட்டி வந்தது. அதுவும் சந்தேகம். சம்பந்தி குளித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஏர்லைன்ஸ் வேன். உத்தமன் என்று ஒரு ஆள், பெயரைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தான். உத்தமனாக இருப்பவன் அதை ஏன் எழுதிக் குத்திக்கொள்ள வேண்டும்? கோதுமை மூட்டை மாதிரி ஒரு பெட்டியை இறக்கி, “கையெழுத்து போடு சார், இன்னும் நாலு பொட்டி கீது, மாரத்தஹள்ளி வரைக்கும் போவணும்” என்றான்.

“இது அவர் பெட்டிதான்னு என்ன அத்தாட்சி?”

“சீட்டுல பேரு கீதே சார்.”

“பேரை யார் வேணாலும் எழுதலாம். கௌஹாத்தியிலேருந்து வந்ததுன்னு எப்படி நம்பறது?”

“அத்த பொட்டியத்தான் கேக்கணும். இன்னா சார் பேஜாரு! எந்த ஊட்டுக்குப் பொட்டி எத்துனு போனாலும் தேவுடு வந்தாப்பல காபி குடுக்குறாங்கோ. நீ இன்னாடான்னா ஸ்டேசன்ல வெச்சி கேக்குறாப்பல கேக்குற. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ சார்.”

அதற்குள் அனந்தபத்மநாபன் ஈரத் துண்டோடு ஓடிவந்து (துண்டும் நான் கொடுத்தது) பெட்டியைக் கட்டிக்கொண்டார். உத்தமன் என்னைக் காட்டி அவரிடம், “இவுரு உங்க அண்ணனா சார்? நல்லா காவலு காக்குறாரு” என்றுவிட்டுப் போனான். பெட்டியைத் திறந்தார். மேலாகவே நிருபமாவுக்கு ஒரு அரக்குப் பட்டுப்புடவை, பாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒரு கம்பளிச் சால்வை. சால்வையைப் போர்த்திக்கொண்டேன். ஆனால் சால்வையால் சந்தேகத்தை மூட முடியுமா? தன் துணி வந்துவிட்டதே, இனியாவது சும்மா இருப்பார் என்று பார்த்தால், வேஷ்டியை மடித்துக் கையில் கொடுத்துக்கொண்டே மறுபடி கேட்கிறார்: “பில் கிடைச்சுதோ?”

ஆகையால் உன்னிடம் ஒரே கேள்வி. பெட்டி தாமதத்துக்குப் பணம் தரும் இன்ஷூரன்ஸ் என்று கார்டுகளில் மெய்யாகவே ஒன்று உண்டா, இல்லை இது டெல்லி மோசடியா? இந்தக் கடிதம் கூரியரில் நாளை உன் கைக்கு வரும். வந்ததும் ஃபோன் பண்ணு. அவர் பக்கத்தில் இருப்பார். அதனால் நேராகச் சொல்லாதே. “மாமா, அங்கே மழையா?” என்று கேட்டால் இன்ஷூரன்ஸ் நிஜம் என்று எடுத்துக்கொள்கிறேன். “வெயிலா?” என்றால் ஃப்ராடு, அடுத்த நிமிஷம் சம்பந்தத்தை முறித்து, சால்வையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். சால்வை விஷயம் மறுபரிசீலனைக்கு உட்பட்டது.

உன் அம்மாவுக்கு என் நமஸ்காரம். உனக்குச் சீக்கிரம் விவாகப் பிராப்தியும், அதற்கு வரும் சம்பந்திகளின் பெட்டிகள் அவர்களோடு ஒரே விமானத்தில் வந்து இறங்கும் பாக்கியமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன், விழிப்புடன்,
மாமா ஸ்ரீகண்டன்

பி.கு.: கூரியர்காரன் சாயங்காலம்தான் வருவான் என்று கவரை ஒட்டாமல் வைத்தேன். உன் மாமி படித்துவிட்டாள். இப்போது பக்கத்தில் நின்று, கரண்டியும் கையுமாக, உண்மையை எழுதச் சொல்கிறாள். எழுதுகிறேன். அந்த வேஷ்டி என்னுடையது அல்ல. சட்டையும் அல்ல. என் வேஷ்டிகள் எல்லாம் ஜன்னல் துடைக்கக்கூட லாயக்கில்லை என்று அவள் சொன்னதால், செவ்வாய்க்கிழமை அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக அல்சூர் பஜாருக்கு ஓடி எல்லாவற்றையும் புதிதாக வாங்கி வந்தேன். வாங்கியதாகச் சொன்னால் அவர் சங்கடப்படுவாரே என்றுதான் பழசு என்றேன். பில் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

இதுவரை எழுதி வைத்துவிட்டு, சரி, பில் இருக்கிறது, ஆளைச் சோதித்தே பார்ப்போம் என்று அதை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனேன். மனிதர் முகத்தில் சூரியோதயம். உடனே பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார். “இருங்கோ, அந்தக் கார்டை ஒரு தடவை பாத்துக்கறேன்” என்று வாங்கி, கண்ணாடி எடுக்கிற சாக்கில் சமையலறைக்குக் கொண்டுபோய் நிருபமாவிடம் காட்டினேன்.

“அப்பா, இது கிரெடிட் கார்டே இல்லே. மிஷின்ல பணம் எடுக்கற கார்டு. இதுல இன்ஷூரன்ஸும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

“பாத்தியா! ஃப்ராடு! நான் சொன்னேனா இல்லையா?”

“ஐயோ அப்பா, நீங்க குடுத்த சட்டையில மார் மேல நீளமா நாப்பத்துநாலு, நாப்பத்துநாலுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை உரிச்சு, மடிச்சு, யாருக்கும் தெரியாம அவர் பையில போட்டுண்டதை நான் பாத்தேன். உங்க சைஸ் முப்பத்தாறுன்னு அவருக்குக் கண்ணு தெரியாதா? நீங்க செலவு பண்ணினதைத் திருப்பிக் குடுத்தா உங்களுக்கு ரோஷம் வந்துடுமேன்னுதான் இந்த இன்ஷூரன்ஸ் கதை.”

“முதல் நாளே தெரியுமாடி உனக்கு? ஏன் சொல்லலை?”

“நீங்க அவர்கிட்ட ‘என்னோட வேஷ்டி’ன்னு சொன்னேளே, அப்ப நான் ஏதாவது சொன்னேனா? ரெண்டு பேருக்கும் ஒரே நியாயம்தான்.”

குழந்தை இரண்டு நாளாக உள்ளே ஓடி ஓடிச் சிரித்திருக்கிறாள், ஷ்ரேயாஸ். ஹாலுக்குத் திரும்பி, கார்டைப் பயபக்தியோடு கொடுத்து, பில்லை நாலாகக் கிழித்தேன். “மன்னிக்கணும், இது மளிகைக் கடை பில். வேஷ்டி ரொம்பப் பழசோல்லியோ, அந்த பில்லையெல்லாம் எலி தின்னுடுத்து” என்றேன். “அடடா, க்ளெய்ம் வீணாப் போறதே” என்றார். “போறது விடுங்கோ, பேங்க்காரன் பொழைச்சுப் போகட்டும்” என்றேன். இரண்டு பேரும் அந்த பாங்குக்காகச் சேர்ந்து வருத்தப்பட்டோம். பிறகு பஞ்சாங்கத்தை எடுத்து ஐப்பசியில் தேதி குறித்துவிட்டோம்.

ஆகவே மழையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், ஃபோன் பண்ணாதே. முன்பு அனுப்பச் சொன்ன ஊறுகாயை மட்டும் அனுப்பு. நானும் மாமியும் அடுத்த மாதம் அவர் வீட்டைப் பார்க்க டெல்லி போகிறோம். நான் பெட்டியே எடுத்துப்போவதாக இல்லை. என்னைப் போன்ற ஒல்லிக்குச்சிக்கு அந்த மலை எந்தச் சட்டையை எடுத்து நீட்டி “என்னோடதுதான், பழசு” என்று சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.