ஆராய்ச்சிப் படகும் அடியில் ஒட்டிய கொட்டலசும்

ஒரு காட்டில், அதுவும் பாதி நாள் தண்ணீருக்குள் நிற்கும் அலையாத்திக் காட்டில், விலங்குகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதன் கடல் உயிரியல் துறையிடம் ஒரு படகு. கரையோரம் முழுக்கச் சுற்றி, எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்று ஆராய வாங்கியது. டீசலுக்கு அனுமதி வரவில்லை. அதனால் மாலை போட்டுத் தண்ணீரில் இறக்கிய நாள் முதல் அது கட்டிய முளையை விட்டு நகரவில்லை. மாலையின் நார் மட்டும் இன்னும் முகப்பில் தொங்கியது.

படகின் அடியில், பாறையிலும் கப்பலிலும் ஒட்டி வாழும் சின்ன ஓட்டுயிரான கொட்டலசு ஒருத்தி குடியிருந்தாள். கொட்டலசுக் குலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சின்ன வயதில் ஓர் இடம் பார்த்துத் தலையை ஒட்டிக்கொண்டால் சாகும்வரை அங்கேதான். காலை ஆட்டி ஆட்டி வாய்க்குள் உணவைத் தள்ளிக்கொள்ளும். ஆகவே மனை பார்ப்பதில் அவர்கள் படு கெட்டி. அந்தக் கரையிலேயே ஆராய்ச்சிப் படகைப் போன்ற அசையாச் சொத்து வேறில்லை என்று இவள் கண்டுகொண்டாள். அவளைப் பார்த்து ஆளிச்சிப்பி, பாசி, கடற்பஞ்சு, பொடிநண்டு என்று ஊரே வந்து சேர்ந்தது.

படகின் மேலே ஆய்வு மாணவி உள்ளான் குருவி உட்கார்ந்திருப்பாள். அதிர்ந்து பேசாத பறவை. எங்கும் போக வழியில்லாமல் படகின் அடியை எட்டிப் பார்த்தே ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் அவள் முகம் செத்துப் போயிருந்தது.

"என்னடி?" என்றாள் கொட்டலசு.

"அக்கா, நாளைக்குச் சோதனைக் குழு வருது. படகு ஓடுதான்னு பாப்பாங்களாம். அடியெல்லாம் சுரண்டிப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டாரு சார்."

கொட்டலசு காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "வேணாம்னு சார்கிட்ட சொல்லேன்."

"நானா?"

"நான் ஒட்டிக்கிட்டவ, ஓட முடியாது. நீ பறக்கிறவ. உனக்கென்னடி பயம்?"

"பயந்துதானே அக்கா பறக்கிறதே."

மறுநாள் துறைத்தலைவர் கூழைக்கடாவும் குழுத்தலைவர் ஆமையும் வந்தார்கள். இரும்புத் தகட்டோடு நீர்நாய் தண்ணீரில் இறங்கியது. முதல் சுரண்டிலேயே பக்கத்து வீட்டு ஆளி போய்ச் சேர்ந்தது. அடுத்தது நாம்தான் என்று கொட்டலசு ஓட்டின் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"சுரண்டாதீங்க!" என்று மேலே ஒரு கீச்சுக்குரல். உள்ளான் கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்: "நம்ம துறை இதுவரைக்கும் கண்டுபிடிச்ச உயிரெல்லாம் இதுலதான் சார் இருக்கு. வேற எங்கயும் நாம போகவே இல்லியே!"

கூழைக்கடா தாடைப் பை மார்பில் இடிக்கத் தலையைக் குனிந்துகொண்டார். ஆமை மெல்லக் கழுத்தை நீட்டி அடியைப் பார்த்தது.

"அடடா! இத்தனை உயிர்களா? எப்படி வளர்த்தீர்கள்?"

கூழைக்கடா சட்டென்று நிமிர்ந்தார். "படகை நகர்த்தாமல் பார்த்துக்கொண்டோம், ஐயா. அது எங்கள் தொலைநோக்குத் திட்டம். இந்தக் கொட்டலசின் பசையிலிருந்து பல் ஒட்டும் மருந்துகூட எடுக்கப்போகிறோம்."

"என்னைய யாரும் கேக்கலியே!" என்றாள் கொட்டலசு. அதை மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படகு பாதுகாக்கப்பட்ட பகுதி ஆனது. சுற்றிலும் வேலி போட்டார்கள். அனுமதியில்லாமல் உள்ளான்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. அந்தப் படகை ஆராய்வதற்கு இன்னொரு படகு வந்தது. அதற்கும் மாலை போட்டார்கள். அதற்கும் டீசல் வரவில்லை. உள்ளான் அதில் ஏறி உட்கார்ந்து, ஆய்வேட்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

கொட்டலசு தன் மூத்த மகளைக் கூப்பிட்டுப் புதுப் படகைக் காட்டினாள்.

"போய்த் தலையை ஒட்டுடி. நல்ல இடம். ஒட்டின இடத்தை விட்டு நகராத நம்ம குணம் இதுக்கும் அப்படியே இருக்கு."

நீதி: கடமையைச் செய்யாமல் இருந்தால் மட்டும் போதாது, அதில் பாசி பிடிக்கும்வரை பொறுமையாகச் செய்யாமல் இருக்க வேண்டும்.