எங்கள் பாட்டை வெளியிட்ட பென்டிரைவ் அண்ணன்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் எந்த இடத்தில் எந்தப் பாட்டு கேட்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை ஆண்டவனுக்கே கிடையாது. பென்டிரைவ் அண்ணனுக்குத்தான் உண்டு. தனியார் பஸ் கண்டக்டர். அவருடைய சொந்தப் பெயர் பஸ் முதலாளிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். மற்றவர்கள் கழுத்தில் சாமி டாலர் தொங்கும். இவர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பென்டிரைவ்.

அவருக்குப் பாட்டைவிட இடம்தான் முக்கியம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் குத்துப்பாட்டு போடமாட்டார். "வண்டியே நின்னுக்கினு கீது, பாட்டு மட்டும் ஓடுனா ஜனங்களுக்குக் கோவம் வரும்மா" என்பார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி நிறுத்தம் நெருங்கும்போது சோகப்பாட்டு வந்தால் பாய்ந்து போய் மாற்றுவார். "எறங்குறவங்க மனசு என்னாவும்?"

ஒருமுறை கூட்டேரிப்பட்டுக்கு உரிய பாட்டு தவறிப்போய் விக்கிரவாண்டியிலேயே வந்துவிட்டது. பாட்டை நம்பித் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் திடுக்கிட்டு எழுந்து மூட்டையோடு அங்கேயே இறங்கிவிட்டார். அண்ணன் ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து ஏற்றினார். குற்ற உணர்ச்சியில் அன்று முழுக்கப் பாட்டே கிடையாது.

அந்த பஸ்ஸில் தினமும் திண்டிவனத்துக் கல்லூரிக்குப் போய்வந்த நான்கு பெண்கள் நாங்கள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயரை வைத்து 'மல்லாட்டை கேர்ள்ஸ்' என்று பாட்டுக் குழு வைத்திருந்தோம். கோடைக்கென்று 'வெயிலுக்கு லீவு' என்று ஒரு பாட்டு செய்து நெட்டில் ஏற்றினோம். கேட்டவர்கள் நாங்கள் நால்வர்தான், மாற்றி மாற்றி. தேர்வு முடிந்ததும் எங்களில் நதியா ஓசூர் கம்பெனிக்குப் போகிறாள், மற்றொருத்திக்குக் கல்யாணம். நால்வரும் சேர்ந்திருக்கும்போதே, முன்பின் தெரியாத ஜனங்கள் ஒருமுறையாவது அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும். எங்களுக்கு அவ்வளவுதான் ஆசை.

அண்ணனிடம் கேட்டோம். எங்கள் போனைக் காதில் வைத்துக் கேட்டார். கண்ணை மூடினார். "நல்லாத்தான் கீது. ஆனா எங்க வெக்கிறது?"

இரண்டு வாரம் தேடினார். மேம்பாலத்தில் போட்டுப் பார்த்தார். முதல் வரியிலேயே லாரி ஹாரன் விழுங்கிவிட்டது. மயிலம் ரோட்டுப் பிரிவில் போட்டார், தினமும் பஸ்ஸில் வரும் வெள்ளரிக்காய்க் கூடை அக்கா, "யாருப்பா அது, பல்லு வலில முனகிக்கினு?" என்றார். அண்ணன் உடனே நிறுத்தினார். "இந்தப் பாட்டுக்குக் காத்து வேணும்மா. எஞ்சின் சத்தம் ஆவாது."

"ஓடுற பஸ்ல எஞ்சின் இல்லாம எப்டிண்ணா?" என்றாள் நதியா.

கடைசித் தேர்வு முடிந்த மதியம். பஸ் முழுக்கக் கூட்டம், அனல். கூட்டேரிப்பட்டு தாண்டி ஓர் ஏரிக்கரை, வேப்பமர நிழல். "ஓரம் கட்டு," என்றார் அண்ணன். "எஞ்சின ஆஃப் பண்ணு."

டிரைவர் திரும்பினார். "பின்னாடி வண்டி வந்துக்கினு கீது! டைம் போச்சுன்னா மொதலாளி நம்ம தோல உரிச்சுடுவாரு!"

"உரிக்கட்டும்யா. நாலு நிமிசம்."

தனியார் பஸ்காரன் பின்வண்டிக்கு வழிவிடுவது என்பது மீசையை எடுப்பதற்குச் சமம். அந்த வண்டி ஹாரனாலேயே சிரித்துக்கொண்டு எங்களைத் தாண்டியது. அண்ணன் படியில் நின்று, போ போ என்று கைகாட்டினார். "இன்னா பேஜாரு இது!" என்று கத்திய கூட்டத்துக்கு, "புதுப் பாட்டு ரிலீசுங்க. கொஞ்சம் பொறுங்க" என்றார்.

எஞ்சின் அடங்கியது. ஏரியிலிருந்து காற்று வந்து சன்னல் சன்னலாக நுழைந்தது. அதோடு எங்கள் குரல். அது எங்கள் குரல்தானா என்று எங்களுக்கே தெரியவில்லை. வெயிலுக்குள் எங்கோ நான்கு பெண்கள் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு பாடுவது போலிருந்தது. வேப்பம்பூ ஒன்று டிக்கெட் பைமேல் விழுந்தது. யாரோ விசிறிக்கொண்டிருந்த பேப்பர் மெல்ல மடியில் இறங்கியது. திட்டிக்கொண்டிருந்தவர் பாதித் திட்டில் கண்ணை மூடினார். பாட்டு முடிந்தபோது பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். வெள்ளரிக்காய் அக்கா கூடைமேல் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, குழந்தை போலத் தூங்கினார்.

நதியாவின் கண் நிறைந்துவிட்டது. "தூங்கிட்டாங்கண்ணா. பாட்டு ஃப்ளாப்பு."

"ஃப்ளாப்பா? பாட்டு புடிக்கலன்னா ஜனம் தூங்காதும்மா, என்னைத் திட்டும். அந்தக்கா காலைல நாலு மணிலேர்ந்து கூடை தூக்குது. அது இந்த வண்டில கண்ண மூடி நான் பாத்ததே இல்ல."

நாங்கள் நால்வரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அண்ணன் முன்னால் போய் டிரைவரின் தோளைத் தொட்டு, "போலாம் ரைட்" என்றார். ஒரு கண்டக்டர் அந்த வார்த்தையை அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.