அதிகாரியை ஏமாற்ற வேண்டிய சாசேஜ்

மார்ச் 12, வியாழக்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய அல்யெய்ரா சாசேஜ்கள் நாற்பத்தொன்று. அவற்றைச் செய்தவர் எர்மெலிண்டா சர்மென்டோ, வயது ஐம்பத்தெட்டு, போர்ச்சுகலின் வடகிழக்கு மலையில் காஸ்ட்ரெலோ என்ற ஊரில் ஆறு மேசை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துபவர்.

எண்ணியவர் டாக்டர் குஸ்டோடியோ பெனால்வா. அவருக்கும் மருந்துக்கும் சம்பந்தமில்லை. அந்த நாட்டில் கல்லூரியை முடித்துவிட்டு அரசு நாற்காலியில் உட்கார்ந்த யாரும் டாக்டர்தான். உட்கார்ந்து பத்து வருடம் ஆனவரை டாக்டர் என்று கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்காது. பயணியர் மரபுச்சுவை மெய்ப்பிப்பு அலுவலகத்திலிருந்து, கழுத்தில் அடையாள அட்டையும் கையில் பதினெட்டுப் பக்கப் படிவமுமாக அவர் வந்திருந்தார்.

வரவழைத்தது பேருந்து. வியாழன்தோறும் பன்னிரண்டரைக்குப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுலாப் பேருந்து எர்மெலிண்டாவின் கடை வாசலில் நிற்கும். முப்பத்தாறு பேருக்குக் குறையாமல் இறங்குவார்கள். மற்ற ஆறு நாளும் கடையில் சீட்டு விளையாடும் நான்கு பேர்தான். ஒரு ஜாடி ஒயினை மாலைக் கோயில் மணி வரைக்கும் இழுக்கும் திறமை பெற்றவர்கள். மே ஒன்றாம் தேதி முதல் மேற்படி அலுவலகத்தின் நீலத் தகடு பதித்த கடைகளில் மட்டுமே வண்டி நிற்கும் என்று பேருந்துக்காரர்கள் எழுதிவிட்டார்கள். தகடு இல்லையென்றால் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் கூடத்தில் நிற்குமாம். அங்கே பிட்சா கிடைக்கிறது. பேருந்து போய்விட்டால் கடை குளிர்காலத்தைத் தாண்டாது என்பது எர்மெலிண்டாவுக்குத் தெரியும்.

"உட்காருங்க டாக்டர்" என்று சொல்லி, சாசேஜை ஆலிவ் எண்ணெயில் பொரித்து, மேலே ஒரு முட்டையும் பக்கத்தில் உருளைக்கிழங்கும் வைத்துக் கொடுத்தார். டாக்டர் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அரசு சார்பாக மென்றார்.

"கோழி. ரொட்டி. பூண்டு. கொஞ்சம் முயல்கூட இருக்கு. பன்னி இல்ல."

"ஒரு துளிகூட இல்ல டாக்டர்!" என்றார் எர்மெலிண்டா பெருமையாக. "எங்க வீட்டுல இதுல பன்னி பட்டதே கிடையாது."

டாக்டர் வருத்தத்தோடு பேனாவைத் திறந்தார். "அப்ப நான் ஏமாறலம்மா."

"ஏன் ஏமாறணும்?"

டாக்டர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். கேள்வி எண் ஏழு: 'மேற்படி உணவு, தன் மரபு வழுவாமல், ஆய்வுக்கு வந்த அதிகாரியை ஏமாற்றியதா? முழுமையாக / ஓரளவு / இல்லை.'

கேள்வியை எழுதியவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் மத விசாரணை அதிகாரிகள், மதம் மாறச் சொல்லப்பட்ட யூதர்கள் மாறினார்களா என்று வீடு வீடாகப் பார்த்தார்களாம். யூதர்கள் பன்றி தின்னமாட்டார்கள் என்பதால், புகையில் பன்றி சாசேஜ் தொங்காத வீடு சந்தேகத்துக்குரிய வீடு. அதனால் அந்த யூதர்கள் கோழியையும் ரொட்டியையும் குடலில் அடைத்து, பார்வைக்குப் பன்றி சாசேஜ் மாதிரியே செய்து தொங்கவிட்டார்கள். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போய்விட்டார். அப்படி வந்ததுதான் அல்யெய்ரா. கதை நடந்ததா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அலுவலகம் சண்டை போடவில்லை, கையேட்டில் அச்சடித்துவிட்டது.

"இந்தச் சாசேஜோட மரபே அதிகாரியை ஏமாத்துறதுதான்" என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். "நான் அதிகாரி. ஏமாறல. அப்ப இது மரபு இல்ல. இதுல என் சொந்த விருப்பம் எதுவும் கிடையாது. ருசி பிரமாதம்."

"உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் எப்படி ஏமாத்துறது? விஷயம் தெரியாத அதிகாரி யாரையாவது அனுப்புங்களேன்."

"எங்க ஆபீஸ்ல விஷயம் தெரியாதவங்களுக்குப் பஞ்சமே இல்லம்மா. ஆனா இந்த விஷயம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். பரீட்சையில கேட்டாங்க."

எர்மெலிண்டா கொஞ்சம் யோசித்தார். "சரி டாக்டர். இதுல பன்னி இருக்கு."

"இல்லம்மா."

"இருக்குங்கிறேன்."

"நீங்க பொய் சொல்றது எனக்குத் தெரியுது. அதையும் எழுதிக்கிறேன், ஏமாத்த முயற்சி பண்ணீங்கன்னு. அதுக்கு அரை மதிப்பெண் உண்டு."

தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, மறு ஆய்வுக்கு நான்கு வாரம் கருணையுடன் அனுமதித்து, டாக்டர் போனார்.

சாயங்காலம் எர்மெலிண்டாவின் கொழுந்தன் செலஸ்டினோ வந்தான். ஊரில் கசாப்புக் கடை அவனுடையது. மற்ற சாசேஜுக்கெல்லாம் அவனிடம்தான் பன்றி வாங்குவார். அல்யெய்ராவுக்கு மட்டும் முப்பது வருடமாக ஒரு கிராம் வாங்கியதில்லை. அந்த மனக்குறை அவனுக்கு உண்டு. விஷயத்தைக் கேட்டதும் மேசையில் அடித்துச் சிரித்தான்.

"அண்ணி, இதுக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க? உள்ள பன்னி இல்லன்னு அவன் நம்புறான்ல? பன்னியப் போட்டுடுங்க. அப்ப ஏமாந்துதானே ஆகணும்?"

"பன்னியப் போட்டா அதுக்குப் பேரு அல்யெய்ரா இல்லடா."

"பேரு அவன் குடுப்பான். தகடும் குடுப்பான். பஸ்ஸு நிக்கும். கழுத்துப் பக்கத்துக் கறி நல்லதா வெச்சிருக்கேன்."

"உனக்கு வியாபாரம்."

"எனக்கு வியாபாரம், உங்களுக்கு பஸ்ஸு, அரசாங்கத்துக்கு மரபு. யாருக்கு நஷ்டம் சொல்லுங்க? பன்னிக்கு மட்டும்தான்."

எர்மெலிண்டா மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் இரண்டு கிலோ வாங்கினார். அரைக்கும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 9, வியாழக்கிழமை, மறு ஆய்வு. டாக்டர் கண்ணை மூடினார். மென்றார். விழுங்கினார்.

"கோழி. ரொட்டி. பூண்டு. போன தடவையைவிடக் கொஞ்சம் சதைப்பிடிப்பு. நல்ல நாட்டுக்கோழி போல. பன்னி இல்ல. மன்னிக்கணும்மா, இந்தத் தடவையும்..."

"இருக்கு டாக்டர்" என்றார் எர்மெலிண்டா தரையைப் பார்த்தபடி.

"மறுபடியும் ஆரம்பிக்காதீங்க."

பக்கத்தில் நின்ற செலஸ்டினோ பன்றிக் கறி விற்ற ரசீதை நீட்டினான். அரைத்து மிஞ்சிய கறியும் ஒரு கிண்ணத்தில் வந்தது. டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார், ரசீதைப் பார்த்தார், தன் நாக்கைக் கண்ணாடியில் பார்த்தார். முகம் வெளுத்தது. பிறகு மெல்லச் சிவந்தது. பிறகு மலர்ந்தது.

"நான் ஏமாந்துட்டேன்!"

"ஆமா டாக்டர்."

"முழுமையா ஏமாந்துட்டேன்! இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு தரம்கூட ஏமாந்ததில்ல!" எழுந்து எர்மெலிண்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேள்வி ஏழில் 'முழுமையாக' என்பதை இரண்டு முறை வட்டமிட்டார். குறிப்புக் கட்டத்தில், 'அலுவலரின் அறியாமை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது' என்று அழகான கையெழுத்தில் எழுதி முத்திரை வைத்தார்.

அடுத்த வாரமே தகடு வந்தது. கூடவே ஓர் ஆணையும் வந்தது. 'மேற்படி கடை இனிச் சான்று பெற்ற செய்முறையை மட்டுமே பின்பற்றக் கடவது. பன்றி சேர்க்காத போலி அல்யெய்ரா கடையில் காணப்படின் தகடு பறிக்கப்படும்.'

சீட்டாடும் நால்வருக்கும் புதுச் சாசேஜில் ஆளுக்குப் பாதி கொடுத்துப் பார்த்தார் எர்மெலிண்டா. அந்த நால்வர்தான் ஊரின் மரபுக்குக் காவலர்கள். யாராவது சமையலில் உப்பை மாற்றினால்கூடச் சாபம் விடுவார்கள். அவர்களாவது காறித் துப்புவார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மூத்தவரான அபிலியோ, ஓய்வு பெற்ற தபால்காரர், வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இதாம்மா அல்யெய்ரா! இவ்வளவு நாளா நீ ஏதோ ஒண்ணு குறைச்சலாவே போட்டுட்டிருந்த. பெரிய மனுஷங்களாச்சேன்னு நாங்கதான் வாயத் திறக்கல."

எர்மெலிண்டா ஒயின் ஜாடியை அவர் முன்னாலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பேருந்து தவறாமல் நின்றது. பயணிகள் இறங்கியதும் முதலில் தகட்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு தட்டைப் படம் எடுத்தார்கள். ஆறியபின் சாப்பிட்டு, ஐந்நூறு வருட ருசி என்றார்கள்.

மே 28 அன்று வந்தவர்களில் ஒரு வயதான யூதத் தம்பதி இருந்தார்கள். கனடாவிலிருந்து வந்திருந்தார்கள். அந்த அம்மாள் எர்மெலிண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வழிகாட்டிப் பெண் மொழிபெயர்த்தாள்:

"நாங்க பன்னி சாப்பிடமாட்டோம்மா. இந்தச் சாசேஜைப் பத்திப் படிச்சதுலேருந்து இதைத் தின்னுட்டுத்தான் சாகணும்னு இவர் அடம். பன்னி இல்லாதது இதுதானே? தகடுகூடப் போட்டிருக்கே?"

எர்மெலிண்டா தகட்டைப் பார்த்தார். அந்தக் கிழவரைப் பார்த்தார். அவர் கைக்குட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு அது தீந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்குக் காட் என்ற கடல்மீனைச் சுட்டுக் கொடுத்தார். கிழவர் சாப்பிட்டு முடித்தார். கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

அன்று சாயங்காலமே எர்மெலிண்டா கோழி வாங்கினார். இரண்டு வாரத்தில், பன்றி போட்ட சாசேஜ் கொடிகளுக்கு நடுவே, பார்வைக்கு அதே மாதிரி ஒரு கொடி புகையில் தொங்கியது. முடிச்சில் மட்டும் ஒரு வெள்ளை நூல். பொரிக்கத் தனி வாணலி. கேட்கிறவர்களுக்கு மட்டும், சத்தமில்லாமல்.

"மாட்டினா தகடு போச்சு, பஸ்ஸு போச்சு அண்ணி" என்றான் செலஸ்டினோ.

"நிமிர்ந்து பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதானேடா இருக்கு."

செப்டம்பர் 17, வியாழக்கிழமை, மதியம் ஒரு மணி. கடை நிறையப் பயணிகள். சாவு வீடு ஒன்றிலிருந்து திரும்புகிறவர் போலக் கறுப்பு உடையில், முன்னறிவிப்பின்றி, டாக்டர் பெனால்வா உள்ளே நுழைந்தார். திடீர் ஆய்வு. நேரே அடுப்படிக்குப் போனார். அங்கே தனி வாணலியில், ஓரத்து மேசைக்காக, வெள்ளை நூல் சாசேஜ் ஒன்று பொரிந்துகொண்டிருந்தது.

"இதையே எடுங்க. தனியா ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"டாக்டர், அது ஒருத்தருக்குப் போட்டது. வேற ஒண்ணு புதுசா..."

"அதிகாரிக்குன்னு தனியாப் பண்ணினா அது ஆய்வு இல்லம்மா, விருந்து."

எர்மெலிண்டா தட்டில் வைத்தார். வைத்த வேகத்தில் முட்டை உடைந்து வழிந்தது. செலஸ்டினோ கதவோரம் நின்று வாசலில் நிற்கும் பேருந்தைக் கடைசியாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். சீட்டு மேசையில் நால்வரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள்.

டாக்டர் கண்ணை மூடினார். வெகுநேரம் மென்றார்.

"ஆகா" என்றார். "பன்னி!"

டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"ஒரு தடவைதான்மா நான் ஏமாறுவேன். இப்ப நாக்கு தயாராயிடுச்சு. கழுத்துப் பக்கத்துக் கறிதானே?"

"கண்டுபிடிச்சுட்டீங்களே டாக்டர்" என்றான் செலஸ்டினோ.

டாக்டர் ஒரு துண்டைக் குத்தி எடுத்து அபிலியோவிடம் நீட்டினார். "பெரியவரே, நீங்க சொல்லுங்க."

அபிலியோ மென்று, பெரிய மனிதத் தோரணையில் தலையாட்டினார். "கொழுப்பு ஒரு பிடி தூக்கல். மத்தபடி கரெக்டு."

'செய்முறை வழுவாமல் உள்ளது. பன்றி இறைச்சியின் தரம் சிறப்பு' என்று எழுதப்பட்டது. முத்திரை விழுந்தது. பேருந்து ஓட்டுநர் ஹாரன் அடித்தார். பயணிகள் தகட்டோடு இன்னொரு படம் எடுத்துக்கொள்ள ஓடினார்கள். ஓரத்து மேசைக்கு எர்மெலிண்டா வேறொரு வெள்ளை நூல் சாசேஜைப் பொரித்துக் கொண்டுபோய் வைத்தார்.

டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை, மாவட்டத் தலைநகரில், ஏமாற்ற முடியாத அலுவலருக்கான பதக்கம் டாக்டர் குஸ்டோடியோ பெனால்வாவுக்கு வழங்கப்பட்டது. விருந்துக்கு எர்மெலிண்டாவின் கடையிலிருந்து அறுபது அல்யெய்ராக்கள் தருவிக்கப்பட்டன. அறுபதும் வெள்ளை நூல் கட்டியவை. அறுபது அதிகாரிகள் உண்டு, பன்றி இறைச்சியை ஒருமனதாகப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றினர்.